தில்லிக் குளிரில் நடையும் உப்பும்: கேள்வி பதில்

தில்லியில் பல்லாண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்துவரும் நம் உறுப்பினர், வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

ராமகிருஷ்ணபுரம் வாசகர்: தினமும் காலை ஐந்து மணிக்கு நடக்கிறேன். டிசம்பரிலும் தொடரலாமா?

நடையை விடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். குளிர்கால இரவில் தரை சில்லிட்டுப்போவதால் அதையொட்டிய குளிர்காற்று கீழேயே தங்கிவிட, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோலக் கவிந்துகொள்கிறது. வண்டிப் புகையும் குப்பை எரித்த புகையும் மேலே போக வழியின்றி நம் மூக்கின் உயரத்திலேயே தேங்குகின்றன. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் அந்த மூடி விலகும். ஆகவே பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் நடப்பது மேல். காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டிய நாளில் வீட்டுக் கூடத்திலேயே நடங்கள்.

மயூர் விகார் வாசகி: கருப்பட்டி சேர்த்தால் சர்க்கரை ஏறாதாமே?

ஏறும்.

கரோல் பாக் வாசகி: உப்பைக் குறைத்தும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை.

குழம்பில் குறைத்திருப்பீர்கள், தட்டின் ஓரத்தைப் பார்த்தீர்களா? உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். மாவடு, நார்த்தங்காய், கருவாடு எல்லாம் உப்பில் ஊறியவை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது; உப்பில் அழுத்தத்தை ஏற்றும் சோடியம் அதிலும் உண்டு. உப்பைத் தொடுவதே இல்லை என்று என்னிடம் சத்தியம் செய்த ஓர் அம்மாள், தயிர்சாதத்துக்கு நாள்தோறும் நான்கு மோர்மிளகாய் பொரித்துக்கொள்வதை உடன் வந்த பேத்தி போட்டுக்கொடுத்தாள்.

அளக்கும் முறையும் முக்கியம். ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் உயரத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் சற்று ஏறவும் கூடும். எதுவாயினும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முனீர்க்கா வாசகர்: இந்துப்பு நல்லதா?

அதுவும் பெருமளவு சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்த்த உப்பையே குறைவாகப் பயன்படுத்துங்கள்.

ரோகிணி வாசகர்: சர்க்கரைக்குப் பதில் தேன்? நாட்டுச்சர்க்கரை?

மயூர் விகாருக்குச் சொன்ன பதிலைப் படிக்கவும். பனங்கற்கண்டைக் கேட்கவிருப்பவர்களுக்கும் அதுவே. இவற்றை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ராமகிருஷ்ணபுரம் வாசகர் மீண்டும்: நாற்பது ஆண்டுகளாக ஐந்து மணிக்குத்தான் நடக்கிறேன். மஃப்ளர் சுற்றிக்கொள்கிறேன்; எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!

துவாரகா வாசகி: நாற்பது ஆண்டுக்கு முன் இங்கே இத்தனை வண்டிகள் ஏது ஐயா?

துவாரகா அம்மையார் என் வேலையைக் குறைத்துவிட்டார். மஃப்ளர் குளிரைத் தடுக்கும், தூசியைத் தடுக்காது. நான் அஞ்சும் நுண்துகளின் விட்டம் 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அது நுரையீரலின் அடிவரை இறங்கி, இதயத்தையும் பாதிக்கிறது. விரைந்து நடப்பவர் உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறார். வெளியே போயே தீர வேண்டுமென்றால் முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் அணியுங்கள். அலுவலகம் செல்வோர் மதிய இடைவேளையில் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டாலும் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சிக் கணக்கில் அது சேரும்.

ராமகிருஷ்ணபுரம் வாசகர்: சரி, ஏழு மணிக்குப் போகலாமா?

டிசம்பரில் சூரியனே அப்போதுதான் எழுகிறது, ஐயா.