பாட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் படுப்பவன்

கேள்வி: எங்களுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறான், கன்வென்ஷன்களில் சாட்சி சொல்கிறான். இளையவனுக்கு 21 வயது. குடும்ப ஜெபத்தில்கூட வாய் திறக்க மாட்டான். போதகர் ஐயா ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கக் கூப்பிட்டும் மறுத்துவிட்டான். என் மாமியார் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. ராத்திரியில் இவன்தான் பார்த்துக்கொள்கிறான், அதனால் மூத்தவன் தடையில்லாமல் ஊழியத்துக்குப் போக முடிகிறது. இவனையும் அண்ணனைப் போல அபிஷேகத்தோடு எழும்பச் செய்வது எப்படி?
- ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அம்மா, மாமியாரைப் பற்றி ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். அதையும் மூத்தவனுக்கு வசதி என்கிற கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதற்கு மேல் படிக்க மனசு வரவில்லை.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். நனைந்த துணியை மாற்ற வேண்டும். இருபத்தொரு வயதுப் பையன் இரண்டு வருஷமாக முழுத் தூக்கம் இல்லாமல் இதைச் செய்கிறான். நீங்கள் என்னிடம் கேட்பது, அவன் எப்போது ஊழியம் செய்யத் தொடங்குவான் என்று!

இயேசுவின் சீஷர்களான பேதுருவும் அந்திரேயாவும் கூடப் பிறந்தவர்கள். பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பேசினார், ஏறக்குறைய 3,000 பேர் சபையில் சேர்க்கப்பட்டார்கள். அந்திரேயாவின் பிரசங்கம் என்று வேதத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் யோவான் சுவிசேஷத்தைப் பாருங்கள். பேதுருவை இயேசுவிடம் கூட்டி வந்ததே அந்திரேயாதான். ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையனைக் கூட்டத்தில் கவனித்துச் சொன்னதும் அவர்தான். இயேசுவைப் பார்க்க விரும்பிய கிரேக்கர்களைப் பற்றிப் பிலிப்பு வந்து சொன்னதும் அவரிடம்தான். பேதுருவை மாதிரி பேசவில்லையே என்று இயேசு அவரை ஒரு நாளும் கேட்கவில்லை.

அபிஷேகம், அதாவது பரிசுத்த ஆவியின் நிறைவு, என்கிறீர்கள். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்க அப்போஸ்தலர்கள் சொன்னார்கள். அந்த வேலைக்கே பரிசுத்த ஆவியால் நிறைந்தவர்கள்தான் வேண்டும் என்றார்கள். சோறு போடுகிற வேலைக்கு அப்படியென்றால், பாட்டியின் மலத்தைத் துடைக்கிற கைக்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொண்டாலும் சரி. இளையவன் அமைதியான சுபாவம், அதனால் மறுத்துப் பேச மாட்டான். பாரம் முழுவதும் அவன் தலையில் வந்து விழுந்தது அதனால்தான். நீங்களும் உங்கள் கணவரும் ராத்திரியில் எங்கே இருந்தீர்கள்? அது உங்கள் கணவரைப் பெற்ற தாய். நானும் மாமியாரைக் கடைசி வரை பார்த்தவள். அந்தக் கடமையைப் பேசத் தெரிந்தவனுக்குத் தள்ளுபடி செய்யவும், பேசாதவனுக்கு இரட்டிப்பாக்கவும் நமக்கு உரிமை இல்லை. சொந்த வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை மூத்தவன் எத்தனை கூட்டத்தில் வாசித்திருப்பான்?

அவன் பேச்சு வரத்தைக் குறை சொல்லவில்லை. அது சபைக்குத் தேவை, அவன் பேசட்டும். இளையவனைப் பாடம் எடுக்கச் சொல்லி நெருக்காதீர்கள். குடும்ப ஜெபத்தில் அவனுக்குச் சங்கீதம் வாசிக்கக் கொடுங்கள், போதும். போதகர் ஐயா நோயாளிகளின் வீட்டுக்குத் திருவிருந்து கொடுக்கப் போகும்போது அவனைக் கூட அழைத்துப் போகச் சொல்லிப் பாருங்கள். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

அதற்கு முன்னால், வருகிற சனிக்கிழமை ராத்திரி மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் மூத்தவன் பாய் விரிக்கட்டும். பாட்டியை எப்படிப் புரட்டுவது, விரிப்பை எப்படி மாற்றுவது என்று தம்பி அவனுக்குச் சொல்லிக் கொடுப்பான்.