கல்விக்கடன் கேள்வி-பதில்: பிள்ளை வெளிநாட்டில், கணக்கு சேலத்தில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை. கடன் எவ்வளவு, வட்டி எத்தனை சதவீதம், சொத்து அடமானம் உண்டா இல்லையா என்ற மூன்றையும் எழுதாமல் "என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். கடன் ஒப்புதல் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே இந்த மூன்றும் இருக்கும். அடுத்த முறை எழுதுபவர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். விவரமில்லாத கடிதத்துக்குப் பதில் எழுதினால் உங்களைத் தவறான வழியில் அனுப்பிய பாவம் எனக்கு வரும்.

படிப்பு முடிந்து நான்கே மாதத்தில் வேலை கிடைத்துவிட்டது. கடன் 20 லட்சம், வட்டி 10 சதவீதம். வங்கி இன்னும் தவணை கேட்கவில்லை. கேட்கும்வரை காத்திருக்கலாமா?
(ஃபேர்லேண்ட்ஸ், இப்போது டொரண்டோ)

வேண்டாம். பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில் படிப்புக் காலத்துக்கும் அதன் பிறகு ஓராண்டுக்கும் தவணை கிடையாது. ஆனால் அந்தக் காலம் முழுவதும் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும் நாளில் அதை அசலோடு சேர்த்துவிடுவார்கள். உங்கள் கணக்கில் மாதம் 16,500 ரூபாய்க்குக் கொஞ்சம் அதிகம். மூன்று ஆண்டு சும்மா இருந்தால் 6 லட்சம். பிறகு 26 லட்சத்துக்குத் தவணை கட்டுவீர்கள், வட்டிக்கும் வட்டி கட்டுவீர்கள். முதல் சம்பளத்திலிருந்தே மாத வட்டியையாவது கட்டத் தொடங்குங்கள். இந்தக் காலத்தில் வட்டியை ஒழுங்காகக் கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் ஒரு சதவீதம் வரை சலுகை தருகின்றன. உங்கள் கிளை தருமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஜெர்மனிக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகிறது. பழைய சேமிப்புக் கணக்கிலிருந்தே தவணை போகிறது. நண்பர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். தவறா?
(ஆத்தூர், இப்போது மியூனிக்)

தவறுதான். நண்பர்கள் எல்லோரும் செய்வதால் அது சரியாகிவிடாது. வேலைக்காக வெளிநாட்டில் குடியேறியவர் உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது என்பது அந்நியச் செலாவணி விதி. அதை, வெளிநாட்டில் வாழ்பவரின் இந்திய வரவுசெலவுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பளப் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தொடங்குங்கள். இரண்டில் எதிலிருந்தும் கல்விக்கடன் தவணை கட்டலாம்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கணக்கை மாற்றிவிட்டு, தானாகத் தவணை எடுக்கும் உத்தரவை மாற்ற மறந்துவிடுகிறார்கள். தவணை திரும்பிப்போய், அபராதமும், கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் சிபிலில் குறிப்பும் வந்த பிறகுதான் தெரியவருகிறது. புதிய கணக்கில் உத்தரவைப் பதிந்து, ஒரு தவணை ஒழுங்காகப் போனதைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதை நிறுத்துங்கள்.

எனக்குக் கல்விக்கடன் உள்ளது. வெளிநாட்டில் இருக்கிறேன். நல்ல வழி சொல்லவும்.
(பெயர், ஊர் இல்லை)

எதற்கு வழி என்று நீங்கள் எழுதவில்லை. மேலே முதல் பத்தியைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கடன் கட்டாமல் இருந்தால் ஊருக்கு வரும்போது விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்களா?
(கொண்டலாம்பட்டி, இப்போது துபாய்)

வேலை போய், பணம் இல்லாமல் தவணை தவறுவது குற்றமல்ல, சிவில் விவகாரம். அதற்காக யாரும் கைவிலங்கோடு காத்திருக்கப் போவதில்லை. ஆனால் கையில் காசோலை கொடுத்து அது திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் 138-வது பிரிவு இருக்கிறது. தானியங்கித் தவணை உத்தரவு பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தும் முறைகள் சட்டத்தின் 25-வது பிரிவில் வழக்குப் போட இடமுண்டு. இரண்டு ஆண்டு வரை சிறை என்று அதில் எழுதியிருக்கிறது. கட்ட முடியாத மாதம் வருகிறது என்றால் முன்கூட்டியே கிளைக்கு எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் விமான நிலையம் மூன்று இடத்தில் வருகிறது. கடனில் உங்களோடு கையெழுத்துப் போட்டவர் யார் என்பது ஓரிடத்தில்கூட வரவில்லை. அடுத்த கடிதத்தை நீங்களும் படியுங்கள்.

மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். ஐந்து மாதமாகத் தவணை கட்டவில்லை. வங்கியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடன் வாங்கியவன் அவன். நான் கையெழுத்து மட்டும்தானே போட்டேன்?
(அம்மாபேட்டை)

ஐயா, "கையெழுத்து மட்டும்தான்" என்ற இந்த வாக்கியத்தை வங்கி மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். கேட்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப்போகும். நீங்கள் போட்டது சாட்சிக் கையெழுத்து அல்ல. இணைக்கடன்தாரர் என்ற இடத்தில் போட்டிருக்கிறீர்கள். வங்கியைப் பொறுத்தவரை நீங்களும் கடன்காரர்தான். பாதித் தொகைக்கு அல்ல, முழுத் தொகைக்கும். இதைக் கடன் கொடுக்கும் அன்று ஐந்து நிமிடம் ஒதுக்கித் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். முப்பது பக்க ஆங்கிலப் பத்திரத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, "இங்கே, இங்கே, இங்கே" என்று விரலால் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அப்பாவும் மகன் வாழ்க்கை என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். மஞ்சள் பையிலிருந்து ஒன்பது உறைகளை எடுத்து என் மேசையில் அடுக்கினார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மகன் பெயருக்கு வந்த கடிதத்தை நான் பிரிப்பது முறையா என்று கேட்டார். அடியிலிருந்த மூன்று உறைகளில் அவர் பெயரே இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. அன்று அவர் வந்தது இந்தக் கடனைப் பற்றிப் பேசவும் அல்ல. பட்டறைக்குக் கம்பி இழுக்கும் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு வந்திருந்தார். மகன் தவறவிட்ட தவணைகளால் அப்பாவின் சிபில் மதிப்பெண் விழுந்துகிடந்தது. அந்தக் கடனை என்னால் கொடுக்க முடியவில்லை. நகக்கண்ணில் மெருகுக் கறுப்பு ஏறிய விரல்களால் உறைகளைத் திரும்ப ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். உங்களுடையது ஐந்து மாதம், ஆகிவிட்டது. இனி ஒன்றிரண்டு தவணை கட்டினால் பழைய நிலைக்குத் திரும்பாது. நிலுவை முழுவதையும் கட்டினால்தான் ஒழுங்கான கணக்கு என்று வகைமாற்றுவார்கள். கடன் ஏழரை லட்சத்துக்குள் என்றால் பெரும்பாலும் அடமானம் இருக்காது. அதற்கு மேல் என்றால் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கலாம். அப்படியானால், நீதிமன்றம் போகாமலே வங்கி அடமானச் சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸுக்கு எழுத்தில் பதில் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். வருகிற எல்லா உறைகளையும் பிரியுங்கள். படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்துப் படித்துக் கேளுங்கள்.

நாளைக்கே கிளைக்குப் போங்கள். கடன் கணக்கின் அறிக்கையை வாங்குங்கள். நிலுவை எவ்வளவு, அதில் அபராதம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். நிலுவையைக் கட்டிவிட்டு, மீதிக் கடனின் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று மனு கொடுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்; மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூல் ஆட்கள் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

இனி உங்கள் மகனுக்கும், கடல் கடந்து போயிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும். தம்பி, அங்கே வாடகை ஏறியிருக்கலாம், விசா சிக்கல் இருக்கலாம், வேலையே போயிருக்கலாம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதைக் கிளை மேலாளருக்கு நான்கு வரி மின்னஞ்சலாக எழுத என்ன தடை? வேலை போனதற்கான கடிதத்தை இணைத்து, எப்போது எவ்வளவு கட்ட முடியும் என்று எழுதுங்கள். நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு வாரமும் வங்கி உங்கள் அப்பாவைத்தான் கூப்பிடுகிறது. அவர் தறி ஓசைக்கு நடுவே எழுந்து வெளியே வந்து, தெரு கேட்கும்படி பதில் சொல்கிறார்.

ஏற்காட்டில் ஆறு ஏக்கர் காபித் தோட்டத்தை மகள் படிப்புக்காக அடமானம் வைத்தோம். விவசாய நிலத்தை வங்கி ஏலம் விட முடியாது என்கிறார்களே? தோட்டத்துக்குள் சுற்றுலா வருபவர்களுக்காக நான்கு அறை கட்டியிருக்கிறோம்.
(நாகலூர்)

சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பது சரி. ஆனால் அதோடு கதை முடிவதில்லை. நிலுவை 20 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும். குறைவென்றால் சிவில் நீதிமன்றத்துக்கு. காலம் எடுக்கும், வட்டியும் ஏறும். தவிர, ஆவணத்தில் விவசாய நிலம் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அங்கே உண்மையில் பயிர்த்தொழில் நடக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். அந்த நான்கு அறை நிற்கும் இடத்துக்கு வாதாடுவது கடினம்.

மகள் ஒழுங்காகக் கட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் ஏலத்தைப் பற்றிய கவலை? காபி அறுவடை முடிந்து பணம் கைக்கு வரும்போது ஒரு தொகையை அசலில் கட்டுங்கள். அப்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் கிளையில் தங்களுக்கு வசதியானபடி செய்துவிடுவார்கள்.

பத்து ஆண்டா, பதினைந்து ஆண்டா? எதைத் தேர்ந்தெடுப்பது?
(ஓமலூர், இப்போது சிங்கப்பூர்)

20 லட்சம், 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பத்து ஆண்டுக்குத் தவணை சுமார் 26,500, பதினைந்துக்கு 21,500. மாதம் 5,000 மிச்சம் என்று தோன்றும். மொத்தத்தில் 7 லட்சம் கூடுதல் வட்டி. நீண்ட காலத்துக்கு எழுதிவைத்து, முடிந்தபோதெல்லாம் கூடுதலாகக் கட்டுவது வேலை நிலையில்லாதவருக்கு ஏற்றது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் வாங்கக் கூடாது.

மகன் அனுப்பும் பணத்தில் நான் தவணை கட்டுகிறேன். வருமான வரியில் கழிக்கலாமா?
(அஸ்தம்பட்டி)

கல்விக்கடன் வட்டிக்கான வரிக் கழிவு (1961 வருமான வரிச் சட்டத்தில் 80இ பிரிவு), வரி கட்ட வேண்டிய உங்கள் சொந்த வருமானத்திலிருந்து கட்டிய வட்டிக்கு மட்டும். மகன் பணத்துக்குக் கிடையாது. அசலுக்கும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எதுவுமே கிடையாது. தகுதி உள்ளவர்களுக்கும் வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டு வரைதான்.

இந்தியக் கைபேசி எண் செயலிழந்துவிட்டது. கடன் கணக்கைப் பார்க்கவே முடியவில்லை.
(சூரமங்கலம், இப்போது டப்ளின்)

பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து கிளைக்கு எழுதி, எண்ணை மாற்றும் படிவம் கேளுங்கள். அதுவரை இணைக்கடன்தாரரான உங்கள் அம்மா கிளையில் அறிக்கை வாங்கி அனுப்பட்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை இது.

ஒருமுறைத் தீர்வாக, கடனில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கட்டினால் போதும் என்கிறது வங்கி. எனக்கு இங்கே நல்ல சம்பளம். லாபம்தானே?
(சங்ககிரி, இப்போது மெல்போர்ன்)

நல்ல சம்பளம் உள்ளவருக்கு அது லாபமல்ல. முழுதாகக் கட்டினால் சிபிலில் "முடிக்கப்பட்டது" என்று வரும். இப்படி முடித்தால் "சமரசம்" என்று வரும், உங்களுக்கும், இணைக்கடன்தாரருக்கும். நாளை அந்தக் குடும்பத்தில் யார் வீட்டுக்கடன் கேட்டாலும் அந்தச் சொல் குறுக்கே நிற்கும். உண்மையிலேயே வழியற்றவர்களுக்காக வைத்திருக்கும் கதவு அது. முழுதாகக் கட்டுங்கள்.

கடனை அடைத்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டின் அசல் பத்திரம் இன்னும் வரவில்லை. "தலைமை அலுவலகத்தில் இருக்கிறது" என்கிறார்கள்.
(ஐந்து ரோடு, மகள் அமெரிக்காவில்)

மூன்று மாதமா? கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கடன் அடைந்த தேதி, கேட்ட தேதிகள், இந்தத் தொகை மூன்றையும் குறிப்பிட்டு மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்; நகலில் முத்திரை வாங்குங்கள்.

பத்திரம் கைக்கு வந்ததும் மூல ஆவணங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று, அடமானம் வைத்தபோது கொடுத்த பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பிறகு வங்கி ஆளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச்சொல்லி அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் கடன் தீர்ந்தும் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். ரசீது பதிந்து பத்து நாள் கழித்துப் புதிய வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பத்திரத்தைப் பீரோவில் வையுங்கள்.