மாலத்தீவு மாதிரி குட்டித் தீவு நாட்டுக்குக் கொரோனாவைச் சமாளிப்பது எளிதாகத்தானே இருந்திருக்கும்?

"சுற்றிலும் கடல், ஏர்போர்ட்டைப் பூட்டினால் தீர்ந்தது, மொத்தமே ஐந்து லட்சம் பேர்" என்று கேள்விக்குக் கீழே விளக்கம் வேறு எழுதியிருக்கிறீர்கள். அது இல்லையென்றால் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

2018 முதல் 2020 ஜூன் வரை ரா அட்டோலில் (அட்டோல் என்றால் பவளத் தீவுக்கூட்டம்) ஒரு தீவுப் பள்ளியில் அக்கவுண்ட்ஸ் வாத்தியாராக இருந்தேன். தீவின் பெயர் வேண்டாம். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், பெயரைச் சொன்னால் ஆளையே காட்டிக்கொடுத்த மாதிரி. நான் டாக்டர் இல்லை, பார்த்ததைத்தான் எழுதுகிறேன். 2024 ஜனவரியில் அந்நாட்டுத் துணை அமைச்சர்கள் மோடியை இழிவாக எழுதி, இங்கே மாலத்தீவைப் புறக்கணி என்று கிளம்பியதற்குப் பிறகு மாலத்தீவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதினாலே வரிந்து கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: என்னை ஊர் கொண்டுவந்து சேர்த்தது இந்தியக் கடற்படைக் கப்பல். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அதற்காக அந்த ஊர்க்காரர்கள் போட்ட சோற்றை மறக்க வேண்டுமா என்ன?

கடல் காப்பாற்றியது என்பது பாதி உண்மை. முதல் இரண்டு பேருக்கு உறுதியானது 2020 மார்ச் 7ஆம் தேதி. இருவரும் ரிசார்ட் ஊழியர்கள். தங்கிவிட்டு இத்தாலிக்குத் திரும்பிய விருந்தாளியிடமிருந்து ஒட்டியது. அங்கே ரிசார்ட் தீவு என்றால் அதில் அந்த ஒரு ரிசார்ட்தான், ஊரும் கிடையாது தெருவும் கிடையாது. அந்தத் தீவை அப்படியே அடைத்தார்கள். 12ஆம் தேதி பொதுச் சுகாதார அவசரநிலை, அந்நாட்டில் அதுவே முதல் தடவை. 27ஆம் தேதி வந்திறங்கும்போது தரும் விசாவையும் நிறுத்திவிட்டார்கள். இதுவரை நீங்கள் சொல்வது சரி.

ஆனால் மாலே என்று ஒரு தலைநகர் இருப்பதை மறந்துவிட்டீர்கள். ரெண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். எங்கள் கோவில்பட்டியைவிடச் சின்ன இடம். அதற்குள் லட்சத்துக்கும் மேல் ஜனம். படகுக்காக அங்கே தங்க நேரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், பங்களாதேஷ் தொழிலாளர்கள் ஒரே அறையில் முறை வைத்துத் தூங்குவார்கள். பகல் வேலைக்காரன் எழுந்த பாயில் ராத்திரி வேலைக்காரன் படுப்பான். அங்கே போய் மூன்றடி தள்ளி நில் என்று யாரிடம் சொல்வது? ஏப்ரல் 15ஆம் தேதி மாலேக்குள்ளேயே பரவிய முதல் நோயாளி தெரிந்தார். அன்றே ஊரடங்கு. அதன் பிறகு எண்ணிக்கை ஏறியது பெரும்பாலும் அந்த மாதிரி அறைகளிலிருந்துதான்.

அந்த ஏப்ரல் 15ஐப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தீவுக்கு வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, கேஸ் சிலிண்டர், காய்ச்சல் மாத்திரை எல்லாம் மாலேயிலிருந்து வரும் சரக்குப் படகில்தான் வரும். அரிசி, மாவு, சர்க்கரை அரசு மானிய விலையில் கிடைக்கும், அதுவும் அதே படகில்தான். மீனும் தேங்காயும் தவிர அந்த மண்ணில் பெரிதாக ஒன்றும் கிடையாது. 14ஆம் தேதி ராத்திரி கிளம்பிய படகு மறுநாள் காலை வந்து சேர்வதற்குள் மாலே செய்தி எல்லார் போனிலும் வந்துவிட்டது. ஜெட்டியில் (படகுத்துறைக்கு அங்கே அதுதான் பெயர்) பாதி ஊர் கூடிவிட்டது. சாமான் வேண்டும், ஆள் இறங்கக் கூடாது. இதுதான் பேச்சு. மூட்டைகளைக் கயிறு போட்டு இழுத்தார்கள், மருந்து அடித்தார்கள். படகில் இருந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேரைத் தீவுக் கவுன்சில் ஆட்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிப்போய்ப் பதினாலு நாள் வைத்தார்கள் (என் பத்தாம் வகுப்பு அறையில்தான். கரும்பலகையில் எழுதிவைத்திருந்த ஐந்தொகை அழியாமல் இருந்ததாம்).

மிச்சம் ஒருவன். பங்களாதேஷ்காரன், கொத்தனார், நான் பாய் என்று கூப்பிடுவேன். எனக்கு அடுத்த அறை. பர்மிட் புதுப்பிக்க மாலே போயிருந்தான். அவனை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, முதலாளி போனை எடுக்கவில்லை. காலை எட்டு மணிக்கு வந்த படகில் சாயங்காலம் வரை அந்த வெயிலில் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருந்தான். நானும் ஜெட்டியில் நின்றேன். கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நான் போனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நீ அங்கே போய் என்ன செய்திருப்பாய், நீயே வெளிநாட்டுக்காரன், ஒப்பந்த வேலை என்று யாராவது எழுதுவீர்கள். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். கையைத் திருப்பித் தூக்குவதற்கு ஒப்பந்தத்தில் தடை ஒன்றும் இல்லை.

கடைசியில் தீவின் தெற்கு முனையில் பாதி கட்டி நின்ற ஒரு வீட்டில் விட்டார்கள். ஜன்னலுக்குக் கதவு கிடையாது. அவனே பூசிய சுவர்தான். தினமும் சோறும் பருப்பும் கொண்டுபோய் மதில்மேல் வைத்துவிட்டு வருவேன். நான் மட்டும் இல்லை, நோன்பு தொடங்கியதும் பக்கத்து வீட்டு அம்மா இருட்டுகிற நேரத்துக்கு ஹெதிகா கொடுத்தனுப்புவார். மீன் உருண்டை, பஜியா, எல்லாம் எங்கள் இரண்டு பேர் கணக்கில்தான் இருக்கும். காலையில் ஜெட்டியில் அவனை இறக்காதே என்று சத்தம் போட்டவர்களில் அந்த அம்மாவும் ஒருவர். மனிதர்களை ஒரே வரியில் எழுதமுடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் தீவுக்கு நான் இருந்தவரை நோய் வரவில்லை. குழந்தைகள் கடற்கரையில் விளையாடின. பெரியவர்கள் ஜோலியில் (நம் ஜோலி இல்லை, இரும்புக் குழாயில் கயிறு பின்னிய இருக்கைக்கு அங்கே அதுதான் பெயர்) உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். படம் பிடித்து அனுப்பினால் ஊரில் பொறாமைப்படுவார்கள். ஆனால் யாருக்காவது நெஞ்சு வலித்தால் ஊங்கூஃபாரு ஆஸ்பத்திரிக்குப் படகில் போக வேண்டும், பெரிய வைத்தியம் என்றால் மாலே. அந்த மாலேதான் பூட்டிக் கிடக்கிறது. நோய் உள்ளே வராமல் தடுத்த தண்ணீர், நம்மை வெளியே போகவும் விடாது.

பணம் இன்னொரு கதை. 2019இல் 17 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2020இல் ஐந்தரை லட்சம்தான். அந்த வருஷம் நாட்டின் பொருளாதாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. டாலர் கொண்டு வருவதே சுற்றுலாதான். எனக்குச் சம்பளம் ருஃபியாவில் ஒழுங்காக வந்தது, அதில் குறை சொல்லமாட்டேன். அதை டாலராக மாற்றி வீட்டுக்கு அனுப்பத்தான் வழியில்லை. அரசு விலை டாலருக்கு 15.42. அந்த விலைக்கு டாலர் கிடைத்தால் லாட்டரி அடித்த மாதிரி. வெளியே கூடக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். என் மனைவி நகையை வைத்து மூத்தவனுக்கு ஃபீஸ் கட்டினாள். "ஃபாரின் சம்பளம்" என்று ஊரில் பெயர் மட்டும் இருந்தது.

பாருங்கள், ஜூலை 15ஆம் தேதியே அவர்கள் எல்லையைத் திறந்தபோது இங்கே பலரும் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். தனிமைப்படுத்தல் கிடையாது, ஆரம்பத்தில் டெஸ்ட் சான்றிதழ்கூடக் கேட்கவில்லை, செப்டம்பரில்தான் கேட்டார்கள். எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றவில்லை. பூட்டியே வைத்திருந்தால் உருளைக்கிழங்குக்கு எதைக் கொடுப்பார்கள்? தனித்தனித் தீவு ரிசார்ட்டுகள் இருந்ததால் அந்தத் துணிச்சல் முடிந்தது. ஆனால் தப்பித்தார்கள் என்றும் சொல்லமுடியாது. 2021 மே மாதத்தில் தலைக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்தால் உலகத்திலேயே அதிகத் தொற்று அங்கேதான். பாதிக்கு மேல் ஜனங்கள் முதல் டோஸ் போட்டிருந்த பிறகு. மொத்தத்தில் சுமார் 300 பேர் இறந்தார்கள். நம் கணக்கில் சின்ன எண். எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம் என்கிற ஊரில் அது சின்ன எண் இல்லை.

நான் அதற்கு முன்பே வந்துவிட்டேன். ஐஎன்எஸ் ஜலஷ்வா ஜூன் 5ஆம் தேதி மாலேயிலிருந்து கிளம்பி 7ஆம் தேதி தூத்துக்குடி வந்தது. 700 பேர். ஒப்பந்தம் முடியவில்லை, விட்டுவிட்டு வந்தேன். முட்டாள்தனம் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார்.

கொரோனாவுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. திரும்பி வந்து ஒரு தனியார் பள்ளியில் வேலை கேட்டேன். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் நடத்தியவன், சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. தாளாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "தீவுல பசங்களுக்கு என்ன சார் பாடம் எடுத்திருக்கப் போறீங்க, அதை அனுபவத்துல சேர்க்கமுடியாது" என்றார். ஒன்பதாயிரம் சம்பளம், அதிலும் ஆன்லைன் வகுப்பு என்பதால் பாதிதான் தருவார்களாம். என் மாணவர்கள் வாங்கிய மதிப்பெண்ணை அவர் பள்ளிப் பிள்ளைகள் வாங்கட்டும், அப்புறம் பேசுவோம். சரி, விடுங்கள்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால் டீச்சர் வேலைக்கு ஏஜென்ட் யாரோ பேசியிருக்கிறார், அடுத்த தடவை இப்படி ஏதாவது வந்தால் என்ன கதி என்று யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். போவதென்றால் மூன்று மாத மாத்திரையும், குக்கருக்கு இரண்டு வாஷரும் கையோடு கொண்டுபோங்கள். சிரிக்காதீர்கள். மே மாதம் என் குக்கர் வாஷர் கிழிந்துவிட்டது. அடுத்த படகில் வரும், அடுத்த படகில் வரும் என்று மூன்று படகு போனது. வரவில்லை. தனிமையிலிருந்து திரும்பியிருந்த பாய்தான் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக் கொடுத்தான். ரப்பர் வாசம் அடிக்கும், ஆனால் விசில் வரும். ஜெட்டியில் நடந்ததை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான் பெட்டி கட்டியபோது வாசலில் வந்து நின்று, "ஸார், உங்க கப்பல்ல எங்க ஆளுங்களை ஏத்துவாங்களா?" என்று மட்டும் கேட்டான். இல்லை பாய், இந்தியர்கள் மட்டும்தான் என்றேன். தலையை ஆட்டினான். குக்கரை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.