குளிர் கொடுத்தும் எஃப்எல்சி பாதிதான் அடங்குகிறதா?
மூன்று வாரக் குளிருக்குப் பிறகும் அராபிடாப்சிஸ் செடியில், பூப்பதைத் தடுக்கும் எஃப்எல்சி மரபணுவின் வெளிப்பாடு பாதிதான் குறைகிறது, அதை அடக்கும் பிஆர்சி2 புரதங்கள் சரியாக வேலை செய்யவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். அதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்கின்றன. அந்த மரபணு எல்லாச் செல்களிலும் பாதி பாதியாக அடங்குவதில்லை. சில செல்களில் முழுசாக மூடிவிடும், மற்றவற்றில் திறந்தே கிடக்கும், நீங்கள் நாற்றை மொத்தமாக அரைப்பதால் சராசரிதான் கைக்கு வருகிறது. எஃப்எல்சி-ஜியுஎஸ் செடி (எஃப்எல்சி திறந்திருக்கும் செல்கள் சாயத்தில் நீலமாகும்படி மாற்றியது) கிடைத்தால் வேருக்குச் சாயமேற்றிப் பாருங்கள், நீலமான செல்வரிசைக்குப் பக்கத்திலேயே வெறும் வரிசையும் தெரியும்.

அப்புறம், டிஎன்ஏவில் ஒரு குறி எங்கே இருக்கிறது என்று காட்டும் சிப் சோதனைக்குப் பிரைமரை, அதாவது எந்தப் பகுதியை அளப்பது என்று தீர்மானிக்கும் சிறு டிஎன்ஏ துண்டை, எங்கே வைத்தீர்கள்? குளிர் முடிந்த கையோடு மாதிரி எடுத்தால் எச்3கே27எம்இ3 குறி (டிஎன்ஏ சுற்றியிருக்கும் எச்3 புரதத்தில் பிஆர்சி2 இடும் அடக்கும் குறி) மரபணுவின் தொடக்கத்தில், முதல் எக்ஸானை ஒட்டிய சிறு பகுதியில்தான் குவிந்திருக்கும், செடி வெதுவெதுப்புக்குத் திரும்பி வளர்ந்த பிறகே முழுக்கப் பரவும். அந்தக் குறியின் அளவை மொத்த எச்3 அளவால் வகுத்தீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.