முதுகெலும்புத் தொற்றுக்கு ஸ்கேன் பார்த்து பயாப்சி எடுப்பது அவசியமா?

அம்மாவுக்கு எம்ஆர்ஐயில் முதுகெலும்புத் தொற்று என்று வந்திருக்கிறது, சிடி ஸ்கேன் வைத்து ஊசியால் பயாப்சி எடுக்கச் சொல்கிறார்கள், அதற்குப் பதில் நேராக டிபி மாத்திரையே ஆரம்பித்துவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்று வீட்டில் யாராவது பயமுறுத்தியும் இருப்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அது தெரியாமல் என் அப்பா ஐந்து வாரம் துடித்தார்.

அப்பா மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயி. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. நடவு முடிந்த கொஞ்ச நாளில் நடுமுதுகில் வலி ஆரம்பித்தது. தைலம், ஒத்தடம், வலி மாத்திரை என்று இரண்டு மாதம் ஓடியது. ராத்திரி புரண்டு படுத்தால் முனகுவார். சாயங்காலமானால் காய்ச்சல். உடம்பில் எட்டு கிலோ இறங்கிவிட்டது. எம்ஆர்ஐயில் பார்த்தால் இரண்டு முள்ளெலும்பும் நடுவில் இருக்கும் டிஸ்க்கும் அரித்துப்போய், பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது.

முதலில் போன மருத்துவமனையில் பயாப்சி எடுத்தார்கள். எடுத்த துணுக்குகள் எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். மூடியைத் தாண்டி மூக்கில் ஏறும் நெடி. அதை லேபுக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். டிபியில் காணப்படும் மாதிரியான அழற்சி என்று ரிப்போர்ட் வந்தது. டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். ஐந்தாவது வாரம் அவரால் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அம்மா படுத்த வாக்கில் ஊட்டிவிட்டார்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “கல்ச்சர் ரிப்போர்ட் எங்கே?” கிருமியை லேபில் வளர்த்து எது என்று கண்டுபிடிக்கும் சோதனைதான் கல்ச்சர். அப்படி ஒன்று இல்லவே இல்லை. அந்த நெடி ஃபார்மலின். அதில் போட்டால் சதை கெடாது, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். ஆனால் கிருமி செத்துவிடும், அப்புறம் வளர்த்துப் பார்க்க எதுவும் இருக்காது.

மறுபடியும் பயாப்சி. குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, பயாப்சி ஊசியைக் கொஞ்சம் உள்ளே விடுவதும் ஸ்கேன் எடுத்து முனை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுமாகவே போனார்கள். நரம்பில் படாமல் போவதற்குத்தான் இந்த ஏற்பாடே. முக்கால் மணி நேரம் ஆனது. சாயங்காலம் கட்டில் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்து டீ குடித்தார். கால் இரண்டும் நன்றாகவே அசைந்தன. இந்தத் தடவை ஒரு துணுக்குதான் ஃபார்மலினுக்குப் போனது. மற்றவை சுத்தமான பாட்டிலில் கல்ச்சருக்கும், டிபி கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் போயின.

நான்காம் நாள் மைக்ரோபயாலஜியிலிருந்து போன் வந்தது. டிபி இல்லை, மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் பாக்டீரியா. சேற்றில் இறங்குகிறவர்களில் சர்க்கரை உள்ளவர்களை அதிகம் தாக்குமாம். மைக்ரோஸ்கோப்பில் டிபி போலவே காட்டலாம், கல்ச்சரில்தான் பிடிபடும். ஆறு வாரம் ரத்தக் குழாய் வழியாக செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக், பிறகு ஆறு மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. மூன்றாவது வாரம் அவராகவே எழுந்து உட்கார்ந்து சோறு பிசைந்தார்.

நான் டாக்டர் இல்லை. டிபி மாத்திரை தப்பு என்று சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நம் ஊரில் முதுகெலும்புத் தொற்றுக்கு டிபி ஒரு பெரிய காரணம், அது எனக்கும் தெரியும். டிபியாகவே இருந்தாலும் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று முன்பே தெரிவது நல்லது. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்குக் கட்டுப்படாத டிபியா என்பதை ஜீன்எக்ஸ்பர்ட் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். பயாப்சி எடுத்தும் கிருமி சிக்காமல் போவது உண்டு, அப்போது திரும்ப எடுக்க வேண்டியிருக்கலாம். ரத்தக் கல்ச்சரிலேயே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமி வந்துவிட்டால் பயாப்சியே தேவைப்படாது. கால் பலவீனமானாலோ சிறுநீர் அடைத்தாலோ எதற்கும் காத்திருக்காமல் ஓடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அப்பா தினமும் தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர். சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலம். தன் முதுகில் என்ன செய்யப் போகிறார்கள் என்று படிக்க முடியாமலே, விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். தமிழ்நாட்டில் அதைத் தமிழில் ஒரு பக்கம் அடித்துக் கொடுக்க என்ன செலவாகிவிடும்? இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். உள்ளே போகும் முன், “கல்ச்சருக்குத் தனியாக ஃபார்மலின் இல்லாத பாட்டில் வைத்திருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது உடம்பில் இருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். நோயாளி தாங்கும் நிலையில் இருந்தால் ஒன்றிரண்டு வாரம் நிறுத்திவிட்டுக்கூட எடுப்பார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.