பைலட் ட்ரெயினிங்குக்கு நெட்ல எது உருப்படி, எது குப்பை? கேள்வி பதில்

நெட்ல ட்ரெயினிங் சம்பந்தமா என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன், இன்பாக்ஸ் நிறைஞ்சு போச்சு. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். நான் சின்ன சிங்கிள் இன்ஜின் விமானத்துல சொல்லிக் குடுக்கற ஆள், ஜெட் பத்தி கேட்டவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, அடுத்த மாசம் ட்ரெயினிங் ஆரம்பிக்கறேன். யூடியூப்ல ஏகப்பட்ட சேனல் இருக்கு, எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

பதில்: யூடியூப்பை கொஞ்ச நாள் மறந்துடுங்க தம்பி. அமெரிக்க விமான ரெகுலேட்டர் எஃப்ஏஏ ரெண்டு புக்கை பிடிஎஃப்பா ஃப்ரீயாவே போட்டிருக்கு, பைலட்ஸ் ஹேண்ட்புக் ஆஃப் ஏரோநாட்டிகல் நாலெட்ஜ் ஒண்ணு, ஏர்பிளேன் ஃப்ளையிங் ஹேண்ட்புக் இன்னொண்ணு. விமானம் ஏன் பறக்குது, காத்தோட அழுத்தத்தை வாங்கற பிட்டோ டியூப் அடைச்சா எந்த மீட்டர் பொய் சொல்லும், இதெல்லாம் முதல் புக்கு. கையும் காலும் என்ன பண்ணணும்ங்கறது ரெண்டாவது புக்கு. லைசென்ஸ் எந்த நாட்டுதா இருந்தாலும் காத்து ஒரே காத்துதான், அதனால தைரியமா படிங்க, ரூல்ஸ் வர்ற பகுதியை மட்டும் விட்டுட்டு அதை உங்க நாட்டு ரெகுலேட்டர் சைட்லயே படிங்க. டவுன்லோட் பண்றப்ப நம்பரோட கடைசில இருக்கற எழுத்தைப் பாருங்க, முதல் புக்கு இப்ப 8083-25சி, 2023ல வந்தது, ஆனா நிறைய எடத்துல இன்னும் 25பி தான் தொங்கிட்டு இருக்கு.

இதுல நான் ஏன் இவ்ளோ கறாரா இருக்கேன்னா, இன்ஸ்ட்ரக்டர் ஆகறப்ப எங்களுக்கு பிரைமசின்னு ஒண்ணு சொல்லிக் குடுப்பாங்க, அதாவது முதல்ல பதிஞ்சது தான் கெட்டியா ஒட்டும், தப்பா பதிஞ்சதை அழிக்கறது புதுசா கத்துக் குடுக்கறதை விட கஷ்டம். வால்ல இருக்கற ரடர்னா கார் ஸ்டியரிங் மாதிரி விமானத்தைத் திருப்பறதுக்குன்னு எங்கயோ பாத்துட்டு ஒரு பையன் வந்தான். திருப்பறது சாய்ஞ்ச இறக்கை, ரடர் மூக்கை நேரா வெச்சுக்கறதுக்குன்னு அவன் காலுக்குப் புரிய வெக்கறதுக்குள்ள எனக்கு போதும் போதும்னு ஆயிடுச்சு.

கேள்வி: சார், லேண்டிங் வீடியோ தினமும் பாக்கறேன், ஆனாலும் ஃப்ளேர், அதான் தரையைத் தொடறதுக்கு முன்னாடி மூக்கைத் தூக்கறது, வரவே மாட்டேங்குது. ஒண்ணு மேலயே மிதக்குது, இல்லன்னா தொப்புன்னு விழுது.

பதில்: வீடியோவே காரணமா இருக்கலாம். அந்த கேமரா எங்க இருக்கு பாருங்க, நடுவுல கண்ணாடி மேல, இல்லன்னா இறக்கைக்கு அடில. லென்ஸ் வேற வைட் ஆங்கிள், அதுல ரன்வே நிஜத்தை விட தள்ளியும் சின்னதாவும் தெரியும். உங்க சீட்ல உங்க உயரத்துல உக்காந்தா தெரியற காட்சி வேற. அப்ரோச்ல, அதாவது ரன்வேயை நோக்கி இறங்கி வர்றப்ப, ஒரு புள்ளியைப் புடிங்க, கண்ணாடில அது மேலயும் போகாம கீழயும் வராம நின்னா அங்க தான் போறீங்க. தரைகிட்ட வந்ததும் பார்வையை ரன்வேயோட அந்தக் கோடிக்கு மாத்துங்க, மூக்குக்கு முன்னாடியே பாத்துட்டு இருந்தா உயரம் தெரியாது. உங்களுக்கான வீடியோன்னா உங்க தோள் பக்கத்துல நீங்களே கேமரா வெச்சு எடுத்தது தான், அதுவும் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட கேட்டுட்டு, நல்லா இறுக்கி மாட்டி.

கேள்வி: ரேடியோ பட்டனை அழுத்தினாலே நாக்கு ஒட்டிக்குது. லைவ் ஏடிசி சைட்ல பைலட்டும் கன்ட்ரோலரும் பேசறதைக் கேட்டா பழகிடுமா?

பதில்: காது பழகும், நாக்கு பழகாது, அதுக்கு வீட்ல சத்தமா பேசிப் பாக்கணும், வீட்ல இருக்கறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க, பரவால்ல. லைவ் ஏடிசில ஒரு சிக்கல் இருக்கு, அங்க கிடைக்கறதுல அமெரிக்க ஏர்போர்ட் நிறைய, அவங்க ஃப்ரீக்வென்சில ‘பாயின்ட்’னு சொல்வாங்க, சர்வதேச அமைப்பான ஐகாவோ முறைல ‘டெசிமல்’. உயரம் காட்டற ஆல்டிமீட்டர்ல செட் பண்ற காத்தழுத்தத்தை அவங்க இன்ச்ல குடுப்பாங்க, மத்த எடத்துல பெரும்பாலும் க்யூஎன்எச்னு சொல்லி ஹெக்டோபாஸ்கல்ல. அதை அப்படியே புடிச்சுட்டு வந்து உங்க டவர்கிட்ட பேசினா கன்ட்ரோலர் ஒரு செகண்ட் முழிப்பார். பிரிட்டன்ல சாதாரண ஆள் ஏடிசியைக் கேக்கறதே சட்டப்படி கூடாது, அதனால அந்த நாட்டு ஏர்போர்ட்டை அங்க தேடாதீங்க. ஆனா அதே பிரிட்டனோட ரெகுலேட்டர் சிஏஏ தான் கேப் 413னு ரேடியோ பேச்சுக்குன்னே ஒரு மேனுவலை ஃப்ரீயா வெச்சிருக்கு, யார் என்ன சொல்லணும், பதில் எப்படி வரணும்னு உதாரணத்தோட இருக்கும். உங்க நாட்டுல சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், இன்ஸ்ட்ரக்டரை வெச்சு டிக் அடிச்சுக்கோங்க.

இந்த வார்த்தை சுத்தம் எல்லாம் சும்மா வந்ததில்ல. 1977ல டெனரிஃப்ல ரெண்டு ஜம்போ மோதி 583 பேர் போனாங்க, கிளியரன்ஸ், அதாவது டவரோட அனுமதி, கிடைக்காமலே ஒரு விமானம் ஓட ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் தான் ‘டேக்ஆஃப்’ங்கற வார்த்தையை அந்த கிளியரன்ஸ் குடுக்கறப்பவும் ரத்து பண்றப்பவும் மட்டும் தான் சொல்லணும், மத்த நேரம் ‘டிபார்ச்சர்’னு ஆக்கினாங்க.

கேள்வி: மெட்டார், அதான் ஏர்போர்ட் வெதர் ரிப்போர்ட், படிக்க ஆப் இருக்கே, டீகோட் பண்ணி அழகா காட்டுது. அப்புறம் ஏன் மனப்பாடம் பண்ணணும்?

பதில்: ஏவியேஷன் வெதர் சென்டர் சைட்லயே டீகோட் பட்டன் இருக்கு, வேற நாட்டு ஏர்போர்ட்டும் வரும், நானே யூஸ் பண்றேன். ஆனா ஆப் எழுத்தைத் தான் மாத்திக் காட்டும், அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லாது. உதாரணத்துக்கு ‘27015ஜி25கேடி’. காத்து 270லேர்ந்து 15 நாட், திடீர்னு வேகமா அடிக்கற கஸ்ட் 25. உங்க ரன்வே 24, அதாவது 240 டிகிரி. 30 டிகிரி வித்தியாசம்னா கிராஸ்விண்ட், அதான் பக்கவாட்டுக் காத்து, பாதி, கஸ்ட்ல பன்னெண்டரை நாட், செஸ்னா 172ங்கற ட்ரெயினிங் விமானத்துல கம்பெனி ஓட்டிக் காட்டினது 15, சரி போலாம்னு கிளம்புவீங்க. ஆனா மெட்டார்ல காத்து ட்ரூ நார்த், அதாவது நிஜ வடக்கு கணக்கு, ரன்வே நம்பர் காம்பஸ் காட்டற மேக்னெடிக் கணக்கு. அந்த எடத்துல ரெண்டு வடக்குக்கும் நடுவுல இருக்கற வேரியேஷன் மேற்கு 15 டிகிரின்னு வெச்சுக்கோங்க, 270 இப்ப 285 ஆயிடும், வித்தியாசம் 45, கிராஸ்விண்ட் பாதி இல்ல 70 சதவீதம், பதினேழரை நாட். கதை மாறிப் போச்சா? கண்ணால படிச்சா ட்ரூ, டவர் சொல்லி காதால கேட்டா மேக்னெடிக், இது ஒண்ணை மட்டும் புடிச்சுக்கோங்க. வேரியேஷன் ஒண்ணு ரெண்டு டிகிரி தான்னா கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: விண்டி வெதர் மேப் பாத்தா போதாதா?

பதில்: போதாது. அழகான மேப் தான், அடுத்த ரெண்டு நாள் எப்படிப் போகும்னு ஒரு ஐடியாவுக்கு நல்லது. ஆனா அந்தக் கலர் எல்லாம் கம்ப்யூட்டர் மாடல், யாரும் ஜன்னல் வழியா பாத்துச் சொன்னதில்ல. கிளம்பறதுக்கு முன்னாடி மெட்டார், டாஃப் (ஏர்போர்ட் வெதர் முன்னறிவிப்பு), நோட்டாம் (பைலட்டுகளுக்கான அறிவிப்பு), உங்க நாட்டு அஃபிஷியல் பிரீஃபிங்.

கேள்வி: வீட்ல சிமுலேட்டர்ல 200 மணி நேரம் ஓட்டியிருக்கேன் சார், நிஜ ட்ரெயினிங்ல சீக்கிரம் முடிச்சுடலாமா?

பதில்: நேவிகேஷன், விஓஆர்ங்கற ரேடியோ வழிகாட்டி, செக்லிஸ்ட் ஒழுங்கு, ரேடியோ, இதுல உங்களுக்கு லீட் கண்டிப்பா இருக்கும். வாட்சிம்ங்கற ஆன்லைன் சிமுலேட்டர் நெட்வொர்க்ல சேந்தா நிஜ மனுஷங்களே கன்ட்ரோலரா உக்காந்து பேசுவாங்க, ஃப்ரீ தான், 2001லேர்ந்து ஓடுது. ஆனா சிம்லேர்ந்து வர்றவங்களை முதல் சர்க்யூட்லயே, அதாவது ஏர்போர்ட்டைச் சுத்தி வர்ற முதல் ரவுண்ட்லயே, கண்டுபிடிச்சுடுவோம், கண்ணு பேனலை விட்டு வெளிய வராது. பக்கத்துல இன்னொரு விமானம் போகும், அவர் ஆல்டிமீட்டர்ல 20 அடி குறையுதேன்னு திருத்திட்டு இருப்பார். நான் ஒரு துண்டுப் பேப்பரை எடுத்து மீட்டரை எல்லாம் மூடிடுவேன், திட்டு வாங்கினாலும் பரவால்லன்னு.

கேள்வி: கொஸ்டின் பேங்க் மட்டும் அடிச்சு எக்ஸாம் பாஸ் பண்ணிட்டேன்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

பதில்: பாஸ் பண்ணியிருப்பார். பறந்து காட்டற டெஸ்டான செக் ரைட்ல எக்ஸாமினர் ‘ஏன்’னு ஒரு வார்த்தை கேக்கறப்ப தெரியும். படிச்சு முடிச்சப்புறம் ஓட்டை எங்கன்னு பாக்க கொஸ்டின் பேங்க் நல்லது, அவ்ளோ தான்.

கேள்வி: ஏஐகிட்ட ஏர் லா சந்தேகம் கேக்கலாமா?

பதில்: கேளுங்க, ஆனா ரூல் நம்பர் என்னன்னும் கேட்டு, அந்த ரூலை ரெகுலேட்டர் சைட்ல நீங்களே திறந்து படிங்க. நான் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், ரெண்டு நாட்டு ரூலை கலந்து ஒண்ணா சமைச்சுக் குடுத்துச்சு, படிக்க என்னமோ கோர்வையா தான் இருந்துச்சு. லிஃப்ட், ஸ்டால் மாதிரி விஷயத்தை வேற வார்த்தைல சொல்லச் சொல்லிக் கேக்கறதுக்கு பரவால்ல.

கேள்வி: செஸ்னா 172 செக்லிஸ்ட் நெட்ல கலர் கலரா கிடைக்குது, பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன்.

பதில்: அதை கிழிச்சுப் போடுங்கம்மா, கோவிச்சுக்காதீங்க. 172னு ஒரு விமானம் இல்ல, ஒரு பெரிய குடும்பம். பழைய ‘என்’ (N) மாடல்ல ஃபிளாப் 40 டிகிரி வரை போகும், அடுத்து வந்ததுல 30 தான். பழசுல கார்புரேட்டர், அப்ப அதுல ஐஸ் கட்டாம இருக்க கார்ப் ஹீட் உண்டு, ஆர், எஸ் மாடல்ல ஃப்யூல் இன்ஜெக்ஷன், கார்ப் ஹீட்டே கிடையாது. சிலதுல ஏர்ஸ்பீட் மீட்டர் மைல் கணக்குல இருக்கும், நீங்க நாட்னு நினைச்சுட்டு 65ல அப்ரோச் வந்தீங்கன்னா நிஜத்துல 56 நாட் தான். நீங்க ஓட்டற அந்த விமானத்துக்குள்ள இருக்கற புக்கு மட்டும் தான் கணக்கு.

கேள்வி: இப்ப தான் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் வாங்கினேன். பிரீஃபிங் போர்டு முன்னாடி நின்னா என்ன வரையறதுன்னு தெரியாம கை நடுங்குது.

பதில்: எனக்கும் நடுங்கிச்சு. நியூசிலாந்து சிஏஏ சைட்ல ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் கைடுன்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒயிட்போர்டை எப்படிப் பிரிச்சு எழுதணும், விமானத்துல எந்த வரிசைல காட்டணும்னு கையைப் புடிச்சுச் சொல்லும், நான் பாத்ததுலயே இது தான் பெஸ்ட். எஃப்ஏஏவோட ஏவியேஷன் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஹேண்ட்புக் 2020 எடிஷனும் எடுத்துக்கோங்க, கொஞ்சம் சைக்காலஜி வாத்தியார் வாடை அடிக்கும், ஆனா ஸ்டூடன்ட் ஒப்பிக்கறாரா, புரிஞ்சு சொல்றாரா, ஒண்ணை இன்னொண்ணோட சேத்துப் பாக்கறாரான்னு பிரிச்சுப் பாக்க அது தான் கத்துக் குடுத்துச்சு. ஐரோப்பிய அமைப்பான யூரோகன்ட்ரோலோட ஸ்கைபிரரி சைட்ல ஏதாவது தலைப்பைத் தேடினா சுருக்கமா, நிஜ சம்பவத்தோட கிடைக்கும்.

கேள்வி: விபத்து ரிப்போர்ட் படிக்கச் சொல்றீங்க, படிச்சா பயம் தான் வருது. ஸ்டூடன்ட்டுக்கு குடுக்கலாமா?

பதில்: தனியா பறக்கற சோலோவுக்கு முந்தின நாள் குடுக்காதீங்க. மத்தபடி குடுங்க. அமெரிக்காவோட என்டிஎஸ்பி, பிரிட்டனோட ஏஏஐபி, இந்த ரெண்டு விபத்து விசாரணை அமைப்போட ரிப்போர்ட்டும் ஃப்ரீ. ஆனா ஸ்டூடன்ட்டுக்கு நான் முதல்ல குடுக்கறது நாசாவோட ஏஎஸ்ஆர்எஸ் ரிப்போர்ட், அதாவது பைலட்டுங்க நடந்த தப்பைத் தாங்களே எழுதி அனுப்பறது, அதை எழுதினவர் உயிரோட உக்காந்து எழுதியிருக்கார் பாருங்க. மாசாமாசம் கால்பேக்னு ரெண்டு பக்கத்துல தொகுத்தும் போடறாங்க. அது எப்படி வந்துச்சுன்னா, 1974 டிசம்பர்ல டிடபிள்யூஏ கம்பெனியோட 514ங்கற விமானம் வாஷிங்டன் பக்கம் இறங்கறப்ப அப்ரோச் கிளியரன்ஸை தப்பா புரிஞ்சுக்கிட்டு சீக்கிரமே கீழ வந்து மலைல மோதிச்சு, 92 பேரும் போயிட்டாங்க. கொடுமை என்னன்னா ஆறு வாரம் முன்னாடி தான் யுனைட்டட் விமானம் ஒண்ணு அதே எடத்துல அதே குழப்பத்துல மயிரிழைல தப்பிச்சிருக்கு, அவங்க கம்பெனிக்குள்ள தகவல் போச்சு, டிடபிள்யூஏவுக்கு வரல. அதுக்கப்புறம் தான் 1976ல இந்த சிஸ்டம் வந்துச்சு, ரெகுலேட்டர்கிட்டயே தப்பைச் சொல்ல யாருக்கு தைரியம் வரும், அதான் நடுவுல நாசாவை உக்கார வெச்சாங்க. குடுக்கறப்ப கடைசிப் பத்தியை மறைச்சுட்டு ‘இந்த எடத்துல நீ என்ன பண்ணுவ’ன்னு கேளுங்க. அவங்க சொல்ற பதில்லேர்ந்தே அடுத்த பாடம் என்னன்னு தெரிஞ்சுடும்.

கேள்வி: ஸ்கைவெக்டர் சைட்ல இருக்கற சார்ட்டை, அதான் விமான மேப்பை, பிரிண்ட் எடுத்து தூரமா கிராஸ் கன்ட்ரி போலாமா?

பதில்: வீட்ல பிளான் போட, தூரம் அளக்க, ரூட்டை கண்ணால பழக சூப்பர். மேல கொண்டு போறது உங்க நாட்டு அஃபிஷியல் சார்ட், தேதி பாத்து. ஏர்ஸ்பேஸ் மாற்றம் எல்லாம் 28 நாள் சைக்கிள்ல வரும், போன வருஷ பிரிண்ட்ல இல்லாத ரெஸ்ட்ரிக்டட் ஏரியா இன்னிக்கு இருக்கலாம். ஒரு ஸ்டூடன்ட் சீனியர்கிட்ட வாங்கின பழைய சார்ட்டோட வந்து நின்னார், கோடு எல்லாம் ரொம்ப நீட்டா போட்டிருந்தார், பாவம், மறுபடியும் முதல்லேர்ந்து போட வெச்சேன்.