சர்க்கரை நோட்டும் இரண்டு ஏக்கர் தோட்டமும்

மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டுக் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவள் ப்ளஸ் டூ, பயோ மேத்ஸ். நீட்டில் மார்க் போதவில்லை. "பாப்பா சர்க்கரை நோய் ஆராய்ச்சி பண்ணோணும்கறா. அதுக்கு டாக்டருக்குத்தானுங்களே படிக்கோணும்? ரண்டு ஏக்கரா தோட்டத்தைக் குடுத்தாவது சீட்டு வாங்குங்கறாரு எங்கண்ணன்" என்றார் அப்பா.

ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அந்தப் பெண் ஒரு நோட்டை நீட்டினாள். அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், சர்க்கரை அளவு, வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும், மூன்று வருடத்துக்கு. பக்கத்திலேயே அன்று கம்பங்கூழா, கல்யாண விருந்தா என்ற குறிப்பு.

"வைத்தியம் பார்க்க ஆசையா அம்மிணி?"

"இல்லீங்க சார். எதனால ஏறுது, எதனால இறங்குதுன்னு தெரியோணும்."

அப்படியானால் தோட்டத்தை ஏன் விற்க வேண்டும்? பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். கட்டணமே ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அவ்வளவு கொட்டி அவள் கேட்காத படிப்பை வாங்கித் தருவதற்கு, பெரியப்பாவே நேரில் வந்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவளுக்குப் பொருந்துவது பி.எஸ்சி. புள்ளியியல். பெயரைக் கேட்டதும் அப்பாவின் முகம் சுருங்கியது. இதைக் கேளுங்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வந்த கணக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்த ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வுடையது. சென்னையிலுள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமான எம்.டி.ஆர்.எஃப். முன்னின்று நடத்தியது. 2008 முதல் 2020 வரை சோதித்தது 1,13,043 பேரை மட்டுமே. அதை வைத்து நாடு முழுவதற்கும் கணக்குச் சொல்வதுதான் புள்ளியியல்காரரின் வேலை. பகல் பதினொரு மணிக்கு ஊருக்குள் போய் வீட்டில் இருப்பவர்களை மட்டும் சோதித்தால் வயதானவர்கள்தான் அகப்படுவார்கள். தோட்டத்துக்குப் போனவரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஷிப்டு போனவரும் விட்டுப்போவார்கள், நோய் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். எந்த ஊர், எந்த வீடு, அந்த வீட்டில் யார் என்று முன்கூட்டியே முறைப்படி தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் இல்லையென்றால் மறுபடி போக வேண்டும். கம்பங்கூழ் குடித்த நாளில் சர்க்கரை குறைந்தது கூழினாலா, அன்று களை வெட்டியதாலா? இதைப் பிரித்துச் சொல்லவும் கணக்குத் தெரிய வேண்டும்.

பி.எஸ்சி.க்குப் பிறகு உயிர்ப் புள்ளியியலில், அதாவது நோய், உடல்நலக் கணக்குகளுக்கான புள்ளியியலில், எம்.எஸ்சி., வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியிலோ மும்பையிலுள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.பி.எஸ்.ஸிலோ. ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டின் கணித அறிவியல் தாளில் புள்ளியியலும் அடக்கம். அதில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற அந்த உதவித்தொகை கிடைத்துப் பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. இந்த ஆராய்ச்சிக்குப் பரவலாகப் பயன்படுத்துகிற 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், இன்றைக்கே வீட்டில் பழகலாம்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், திட்டம் முடிந்தால் அடுத்தது தேட வேண்டும். சொந்தமாக ஆய்வு நடத்த வேண்டுமானால் பிஎச்.டி. தவிர்க்க முடியாது. மருந்துச் சீட்டு எழுத முடியாது, ஊரில் யாரும் 'டாக்டரம்மா' என்று வணக்கம் வைக்கவும் மாட்டார்கள். பெரியப்பாவுக்கு அதுதான் குறை என்று நினைக்கிறேன்.

அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் ரிசல்ட்டை ஒட்டியே திறந்துவிடும். முதல் விருப்பமாகப் புள்ளியியலைப் போடுங்கள். சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள்.